இரட்டைக்கண் ஸ்கோப்

அந்த ஐப்பசி முழுக்க ஞானதாஸின் வீட்டில் பேச்சு ஒன்றே ஒன்றுதான். ஸ்கோப்புக்கு ஒரு கண்ணா, இரண்டு கண்ணா?

ஸ்கோப் என்பது பறவை பார்க்கிறவர்கள் முக்காலியில் நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் பார்க்கிற தூரநோக்கி. கழுத்தில் தொங்குகிற பைனாகுலரில் வெறும் வாத்தாகத் தெரிவது, ஸ்கோப்பில் என்ன வாத்து, ஆணா பெண்ணா என்பது வரைக்கும் தெரியும். அணுசக்தித் துறை ஊழியர்களின் அணுபுரம் குடியிருப்பில் இருந்த பறவைச் சங்கத்தின் பழைய ஸ்கோப்புக்குள் பூஞ்சை பிடித்துவிட்டது. கடற்காற்று எதைத்தான் விட்டுவைத்தது? புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ள குடியிருப்பு நிர்வாகம் சம்மதித்ததும், எதை வாங்குவது என்கிற பொறுப்பைச் சங்கச் செயலாளர் ஹரிகிருஷ்ணன் தூக்கி ஞானதாஸ் தலையில் கட்டினார்.

"அதுல கண்ணை வச்சு உக்காரப் போறது நீங்கதானே? நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

ஹரிகிருஷ்ணன் விஞ்ஞானி. ஞானதாஸ் பணிமனையில் ஃபோர்மேன். ஆனால் காயல் கரைக்கு வந்துவிட்டால் அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. வருஷா வருஷம் ஜனவரிக் கணக்கெடுப்பில் ஞானதாஸ் பார்த்து வாய்விட்டுச் சொல்வார், பக்கத்தில் நிற்கும் அவர் மனைவி ஜெசிந்தா கையிலுள்ள எண்ணும் கவுன்ட்டரைப் பத்துக்கு ஒரு தரம் அமுக்குவாள். அந்த இருவர் கணக்கைத்தான் சங்கம் ஒப்புக்கொள்ளும்.

எடை குறைந்த ஒற்றைக்கண் ஸ்கோப் ஒன்றைக் கைகாட்டிவிட்டு இரண்டே நாளில் வேலையை முடித்துவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவரோ கூட்டத்தில் எழுந்து, வாங்கினால் இரட்டைக்கண் ஸ்கோப்தான் வாங்க வேண்டும் என்று ஒரே போடாகப் போட்டார்.

"பெரிய சைஸ் பைனாகுலர்தானே அது?" என்றார் ஹரிகிருஷ்ணன்.

"இல்ல சார். பைனாகுலர நேரா புடிச்சிகினு நிக்கணும், கழுத்து வுட்டுப்போவும். இதுல கண்ணு வைக்கற பக்கம் வளைஞ்சு மேலாப்ல கீது. ஸ்டூல போட்டுக் குந்திகினு, பேப்பர் படிக்கற மாதிரி குனிஞ்சு பாக்கலாம். ஒரு கண்ண இடுக்கிகினு மணிக்கணக்கா பாத்தா மண்ட இடி சார். ரெண்டு கண்ணையும் தொறந்து வச்சுப் பாத்தா அலுப்பே தெரியாது."

எடை அதிகமாயிற்றே, யார் தூக்குவது என்று கேட்டார்கள். நான் தூக்குகிறேன் என்றார். விலை கூடுமே என்றார்கள். அடுத்த வருஷம் டீ, பிஸ்கட் வேண்டாம் என்றார். சரி, பார்க்கலாம் என்று கூட்டத்தை முடித்தார்கள்.

அதற்கப்புறம் அவருக்கு நிம்மதி கிடையாது. வேலை முடிந்ததும் பிரவுசிங் சென்டர். அங்கே படம் படமாக அச்செடுத்துக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜையில் பரப்புவார். குழாயின் வாய் எவ்வளவு அகலம் இருக்கலாம்? கண்ணாடி போட்டவர்களுக்கு ரப்பரை மடக்கிக்கொள்ள முடியுமா? ஹரிகிருஷ்ணனுக்குக் கண்கள் நெருக்கம், பக்கத்து வீட்டு பூபாலனுக்கு அகலம், இரண்டு பேருக்கும் தகுந்தாற்போல இடைவெளியை மாற்ற வருமா? ஸ்கூட்டரில் குலுங்கினால் இரண்டு குழாயும் ஒரே பக்கம் பார்க்குமா, ஆளுக்கொரு திசையில் பார்க்குமா? மவுண்ட் ரோடு கடைக்காரருக்குப் போன் போட்டுப் போட்டு, அந்த மனிதர் இவர் குரலைக் கேட்டாலே முதலாளி வெளியே போயிருக்கிறார் என்று சொல்லப் பழகிவிட்டார். போனை வைத்துவிட்டு ஞானதாஸ் கூடத்துக்கும் பின்கட்டுக்கும் குட்டி போட்ட பூனை மாதிரி நடப்பார். நடக்கும்போது வலது தோள் கதவு நிலையில் இடிக்கும்.

அந்த இடி சத்தம் கேட்கும் ஒவ்வொரு தடவையும் ஜெசிந்தா கையில் இருந்த வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள்.

அவள் திருக்கழுக்குன்றம் தபால் ஆபீசில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க நூறு முகம் பார்த்து, யார் எதை மறைக்கிறார்கள் என்று ஓரளவு கண்டுபிடிக்கப் பழகியவள். வீட்டில் இருக்கிற ஒரு முகம் புரியாமலா போகும்? காபியை ஆற்றும்போது பாதி டம்ளருக்கு வெளியே விழுகிறது. வலது பக்கம் நின்று யாராவது பேசினால் உடம்போடு திரும்புகிறார். பழைய ஸ்கோப்பில் வலது கண்ணை வைத்துப் பார்த்தவர், போன வருஷத்திலிருந்து இடது கண்ணை வைக்கிறார். கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"பழைய ஸ்கோப்பு கண்ண கெடுத்துடிச்சு ஜெசி. ஒத்தக் கண்ணுக்கே வேல குடுத்தா அது இன்னா பண்ணும்? புதுசு வரட்டும், எல்லாம் சரியாப் பூடும்."

"கண் டாக்டராண்ட ஒரு வாட்டி காட்டினா இன்னாங்க?"

டாக்டர் என்ற சொல் காதில் விழுந்ததும் அவருக்கு வெளியே ஏதாவது வேலை வந்துவிடும். செருப்பைத் தேடுவார்.

பாவம் மனுஷன், தன் கண்ணில் இருக்கிற கோளாறு தெரியாமல் பழைய ஸ்கோப்பின் மேல் பழி போடுகிறார் என்றுதான் ஜெசிந்தா நம்பினாள். அவளுக்கு இருந்த பயம் வேறு. கல்யாணமாகி அவள் சதுரங்கப்பட்டினம் வந்தபோது மாமனார் ஏசுதாஸுக்கு இரண்டு கண்ணும் இல்லை. கண் திறந்தே இருக்கும்; சுவரோரம் உட்கார்ந்து, வருகிறவர்களைக் காலடிச் சத்தத்தில் தெரிந்துகொள்வார். ஐம்பது வயசுக்கு மேல் ஒன்று போய், பிறகு மற்றதும் போனதாம். கண்ணுக்குள் பிரஷர் என்று டாக்டர் சொன்னதாகப் பேச்சு. ஞானதாஸுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. வலது கண்ணில் என்னமோ போய்க்கொண்டிருக்கிறது, அது இடது கண்ணுக்கும் வருவதற்குள் இந்த மனுஷனை ஒரு டாக்டர் முன்னால் உட்காரவைத்துவிட வேண்டும். மாதாவிடம் அவள் கேட்டதெல்லாம் அது ஒன்றுதான். அவரோ ஸ்கோப், ஸ்கோப் என்று பறந்துகொண்டிருந்தார்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கோப்புகள் வந்தே விட்டன. கடைக்காரர் தொல்லை தாங்காமல், ஒற்றைக்கண்ணில் இரண்டும் இரட்டைக்கண்ணில் ஒன்றுமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லி ஹரிகிருஷ்ணனிடம் கொடுத்தனுப்பியிருந்தார். சங்கத்து வேன் முதலியார்குப்பம் காயலுக்குப் போயிற்று. ஞானதாஸ் வேனுக்குக் காத்திருக்க மாட்டேன் என்று ஜெசிந்தாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு முன்னாலேயே கிளம்பிவிட்டார். ஈசிஆர் சாலையில் எதிரே வருகிற ஒவ்வொரு லாரியும் அவருடைய வலது பக்கம்தானே வரும்? ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டு அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டே போனாள்.

காயலில் தண்ணீர் வற்றி, மண்திட்டுகள் தலைகாட்டியிருந்தன. நெடுங்கால் உள்ளான்கள் கரையோரம் மேய்ந்தன. தூரத்துத் திட்டில் ஊசிவால் வாத்துகள் கூட்டமாக ஒதுங்கியிருந்தன. பூபாலன் ஒவ்வொன்றாக முக்காலியில் ஏற்றினான். அவன் ஞானதாஸோடு பணிமனையில் வேலை பார்க்கிறவன், கிண்டலுக்குப் பிறந்தவன். ஒற்றைக்கண் ஸ்கோப் இரண்டையும் ஞானதாஸ் சும்மா பேருக்கு எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றில் குனிந்து பார்க்க வராது, ஒன்று மங்கல் என்று தள்ளிவிட்டார். அப்போதும் இடது கண்ணைத்தான் வைத்தார்.

மூன்றாவதாக இரட்டைக்கண் ஸ்கோப் ஏறியது. குழாய்களின் மூடியைக் கழற்றுவது எப்போதும் ஜெசிந்தாவின் வேலை. சங்கத்தில் அது வழக்கமாகிவிட்டது. கண்ணாடியில் விரல் படாமல் கழற்ற அவளுக்குத்தான் வரும் என்பார்கள். அவள் ஸ்கோப்புக்கு முன்னால் போய் நின்றாள். ஞானதாஸின் இடது கண் பக்கத்து மூடியைக் கழற்றினாள். வலது கண் பக்கத்து மூடியில் கை வைத்தாள். வைத்த கை அங்கேயே நின்றுவிட்டது.

திட்டம் போட்டெல்லாம் வரவில்லை. அந்த நிமிஷத்தில் தோன்றியது, அவ்வளவுதான். ஒரு கண்ணில் வெளிச்சமும் மறு கண்ணில் கும்மிருட்டும் தெரிந்தால் எந்த மனுஷனும் உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிடுவான். மூடிய எடுடி, கண்ணு தெரியலயா ஒனக்கு என்று இவரும் எல்லார் முன்னாலும் கத்துவார். கத்தட்டுமே! அப்படி மட்டும் கத்திவிட்டால் வேளாங்கண்ணி மாதாவுக்கு ஆள் உயர மெழுகுவர்த்தி ஏற்றலாம். கறுப்புக் குழாயில் கறுப்பு மூடி. அவள் கையை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

ஞானதாஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குனிந்து இரண்டு கண்ணையும் வைத்தார். திருகைத் திருப்பினார்.

"ஆகா!" என்றார்.

ஜெசிந்தா காத்திருந்தாள். அடுத்த வார்த்தை மூடியைப் பற்றித்தான் இருக்க வேண்டும்.

"சார், இங்க வாங்க. எல்லாம் வாங்க. ஒத்தக் கண்ணால பாத்தா அது சொவத்துல மாட்டின படம் சார். இதுல பாருங்க, முன்னாடி நிக்கறது முன்னாடி நிக்குது, பின்னாடி நிக்கறது பின்னாடி நிக்குது. கைய நீட்டினா புடிச்சுரலாம் போல கீது. ரெண்டு கண்ணு ரெண்டு கண்ணுதான் சார்!"

எல்லாரும் அவர் முதுகுப் பக்கம் கூடி நின்றார்கள். அவர் வழக்கம்போல எண்ண ஆரம்பித்தார். "திட்டாண்ட ஊசிவால் வாத்து பத்து. இன்னொரு பத்து. பின்னால கரண்டிவாயன் வருது, அத்த தனியா வை. ஊசிவால் இன்னொரு பத்து." ஜெசிந்தாவின் கட்டைவிரல் தன்பாட்டுக்குக் கவுன்ட்டரை அமுக்கியது. அது எதை எண்ணுகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. மங்கலாகத் தெரிகிறது போலிருக்கிறது, கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று இத்தனை நாள் தன்னைத்தானே தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். மங்கலும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம் விளக்கே அணைந்துவிட்டது.

முக்காலியின் கால் சற்று இறங்குவதைப் பார்த்து பூபாலன் முறுக்குவதற்காக முன்பக்கம் போனான். குனிந்தவன் நிமிர்ந்து மூடியைப் பார்த்தான். அவன் வாய் காது வரைக்கும் விரிந்தது. ஒரு மாசத்துக்குப் பணிமனை முழுக்கச் சொல்லிச் சிரிக்கத் தீனி கிடைத்துவிட்டதே! "அண்ணாத்த..." என்று ஆரம்பித்தவன் ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு ஞானதாஸைப் பார்த்தான். சிரிப்பு எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

ஜெசிந்தா முன்னால் நடந்து போய், முக்காலியைச் சரிசெய்கிறவள் மாதிரி குனிந்து மூடியைக் கழற்றினாள்.

"நவுரு ஜெசி, மறைக்குது" என்றார் ஞானதாஸ்.

அவள் நகர்ந்தாள். மூடி அவள் உள்ளங்கைக்குள் இருந்தது. "ஊசிவால் இன்னொரு பத்து" என்று அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

ஹரிகிருஷ்ணன் உட்கார்ந்து, தன் கண்களுக்குத் தகுந்தபடி இடைவெளியை நெருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "நீங்க சொன்னது சரிதான் ஞானதாஸ். கண்ணுக்கு இதமாத்தான் இருக்கு. வாங்கிடலாம். ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி போன் பண்றேன்" என்றார். ஞானதாஸ் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மாசக்கணக்கில் அவர் அப்படிச் சிரித்து ஜெசிந்தா பார்க்கவில்லை. பார்க்கப் பொறுக்காமல் அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நாஸ்தா முடிந்து எல்லாரும் கிளம்பினார்கள். ஞானதாஸ் ஸ்கூட்டரை உதைத்து, "ஏறு" என்றார்.

"ஏற மாட்டேன்."

"இன்னா ஆச்சு ஒனக்கு? வெயில் ஏறுது, குந்து."

"நான் ஏற மாட்டேன். நீங்களும் ஓட்டக்கூடாது."

வேனில் ஏறப்போன பூபாலன் திரும்பி வந்தான். ஒன்றும் கேட்காமல் சாவிக்குக் கை நீட்டினான். "குடு அண்ணாத்த. வண்டிய நான் வூட்டாண்ட வுட்டுடறேன். நீ அண்ணியோட பஸ்ஸுல வா." எப்போதும் கிண்டலாக வருகிற குரல் அன்றைக்குத் தணிந்து வந்தது. ஞானதாஸ் அவனை முறைத்தார். அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். அவர் சாவியைக் கொடுத்துவிட்டார்.

பஸ் நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. ஜெசிந்தா உள்ளங்கையை விரித்து மூடியைக் காட்டினாள்.

"சோத்தாங்கை பக்கத்து மூடி. நீங்க ஆகான்னு சொன்னப்ப இது ஸ்கோப்புலதான் இருந்துச்சு. நீங்க எண்ணும்போதுதான் எடுத்தேன்."

திடுக்கிடுவார், சத்தம் போடுவார், கண்ணைக் கசக்குவார் என்று அவள் எதிர்பார்த்தாள். எதுவும் நடக்கவில்லை. அவர் மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பூபாலன் பாத்துட்டானா?"

"பாத்துட்டாரு."

"வேற யாரு?"

அப்போதுதான் ஜெசிந்தாவுக்கு உறைத்தது. "ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம இன்னா? என் கண்ணு எனக்குத் தெரியாதா?" சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மொதல்ல ஓரமா கரைஞ்சுச்சு. போன வருசம் மழக்காலத்துல மொத்தமா பூட்ச்சு. வலது பக்கம் ஒண்ணியும் கெடையாது."

"அப்ப எதுக்கு இந்த ரெண்டு கண்ணு ஸ்கோப்பு? மாசக்கணக்கா எதுக்கு இந்தப் பேஜாரு?"

"ஒத்தக் கண்ணு ஸ்கோப்புல நான் எந்தக் கண்ண வைக்கறேன்னு பாக்கறவனுக்கெல்லாம் தெரியுதே. இன்னா அண்ணாத்த, சோத்தாங்கைக் கண்ண வுட்டு பீச்சாங்கைக் கண்ணுக்குத் தாவிட்டன்னு பூபாலன் போன வருசமே கேட்டான். ரெண்டு கண்ணையும் வச்சுக் குந்திட்டா எவனுக்குத் தெரியப்போவுது? ஒனக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்."

சாப்பாட்டு மேஜையில் பரப்பிய காகிதமெல்லாம், குழாயின் அகலம், ரப்பர், கண்ணின் இடைவெளி எல்லாம் ஜெசிந்தாவுக்கு ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன. பாவம் என்று நினைத்து நினைத்து உருகியதெல்லாம் இந்த மனுஷனுக்காகவா? முதலில் அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. அழுகை அதற்குப் பின்னால்தான் வந்தது.

"தெரிஞ்சும் ஏங்க டாக்டராண்ட போவல? இன்னொரு கண்ணு பூட்ச்சுன்னா இன்னா பண்ணுவீங்க?"

"எங்கப்பா சைக்கிள் ஓட்டிகினு இருந்தாரு ஜெசி. ஒரு கண்ணோட வயலுக்கு மட கட்டினாரு, சந்தைக்குப் போனாரு. எல்லாம் அந்த டாக்டர் வாயத் தொறந்து சொல்ற வரைக்கும்தான். ரெண்டாவது கண்ணும் பூடும்னு சொன்ன மறுநாள் சொவத்தோரம் குந்தினாரு. பார்வை இருக்கும்போதே குந்திட்டாரு. அதுக்கப்புறம் எழுந்திரிக்கவே இல்ல." மூடியை ஜெசிந்தாவின் கையில் திருப்பி வைத்தார். "எவனும் சொல்லாத வரைக்கும் நான் பாக்கறவன். சொல்லிட்டா குருடன்."

அவரைப் பார்க்க அவளுக்கு இரக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடவில்லை.

"ஒங்கப்பாண்டருந்து ஒங்களுக்கு வந்துச்சு. சரி. ஒங்களாண்டருந்து யாருக்குப் போவும்?"

அவருக்கு முதலில் புரியவில்லை. "இன்னா சொல்ற?"

"அன்பரசிய சொல்றேன். அவ யாரு பேத்தி?"

அன்பரசி அவர்களுடைய ஒரே மகள். சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, தாம்பரத்தில் விடுதியில் தங்கியிருந்தாள். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் திரையைப் பார்க்கிற பெண். ஞானதாஸ் ஜெசிந்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஒரு வருஷத்தில் அவர் யாரிடமிருந்து எதை மறைப்பது என்று எவ்வளவோ யோசித்திருக்கிறார், மகளிடமிருந்தும் மறைத்திருக்கிறார். அந்த மறைப்புக்குள் மகளின் கண்ணும் சேர்ந்து கிடக்கிறது என்று ஒரு நாளும் தோன்றவில்லை. அது அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது.

கல்பாக்கம் பஸ் வந்து நின்றது. இருவரும் ஏறவில்லை. கண்டக்டர் திட்டிவிட்டு விசில் கொடுத்தார்.

ஞானதாஸ் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். இரண்டு தரம் தப்பாக அமுக்கி, மூன்றாம் தரம் மகள் கிடைத்தாள்.

"இன்னாப்பா, எந்த ஸ்கோப்பு ஜெயிச்சுது?" அன்பரசியின் குரல் வெளியே கேட்டது.

"நாளைக்கு லீவு போடு."

"ஏம்ப்பா?"

"கண்ணு காட்டணும். எழும்பூர் ஆஸ்பத்திரிக்கு."

"யாருக்குக் காட்டணும்?"

அவர் ஜெசிந்தாவைப் பார்த்தார். "ஒனக்குத்தான்" என்றார். சொல்லிவிட்டுப் போனை அணைத்தார்.

மறுநாள் செங்கல்பட்டு போய் மின்சார ரயில் பிடித்தார்கள். தாம்பரத்தில் அன்பரசி ஏறிக்கொண்டாள். எனக்கு என்னம்மா, நல்லாத்தானே இருக்கேன் என்று எழும்பூர் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாள். ஜெசிந்தா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டியவர் சொல்லட்டும் என்று பிடிவாதமாக இருந்தாள். அவர் எழுந்து கதவோரம் போய் நின்றார், திரும்பி வந்து உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்தார்.

ஆஸ்பத்திரியில் அன்பரசிக்குக் கண் விரிய மருந்து விட்டு, நெடுநேரம் உட்காரவைத்து, பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. மேஜைக்கு அந்தப் பக்கம் இரண்டு கண்ணையும் வைத்துப் பார்க்கிற கருவி. இந்தப் பக்கம் அன்பரசி தாடையைத் தாங்கியில் வைத்து உட்கார்ந்தாள். டாக்டர் குனிந்து பார்த்தார். முதலில் வலது கண், பிறகு இடது கண். ரொம்ப நேரம் பார்த்தார். ஞானதாஸ் பொறுக்காமல் எழுந்து கிட்டே வந்தார்.

"அது இன்னா கம்பெனி மேடம்?" என்றார்.

"எது?"

"நீங்க பாக்கற மிஷின்."

டாக்டர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். கோபப்படவில்லை. "உங்க குடும்பத்துல யாருக்காவது கண்ல பிரஷர் இருந்துதா?"

"எங்கப்பாவுக்கு. ரெண்டு கண்ணும் பூட்ச்சு."

"அப்ப எழுந்து நிக்காதீங்க. பொண்ணுக்கப்புறம் நீங்களும் உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். அவருக்கும் கண்ணில் மருந்து விட்டுக் காக்கவைத்தார்கள். டாக்டர் வலது கண்ணில் வெளிச்சத்தை அடித்துப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். வலது கண்ணின் நரம்பு செத்துவிட்டது, அதை யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. இடது கண்ணில் ஆரம்பித்திருக்கிறது. ஆயுசு முழுக்கச் சொட்டு மருந்து விட்டால், ஒரு வேளைகூடத் தவறாமல் விட்டால், அதைக் காப்பாற்றிக்கொள்ளலாம். இதையெல்லாம் டாக்டர் நிதானமாகச் சொன்னார்.

"பொண்ணுக்கு, மேடம்?" என்றாள் ஜெசிந்தா.

"பிரஷர் ஏறியிருக்கு. ஆனா நரம்பு நல்லா இருக்கு, இன்னும் ஒண்ணும் போகலை. நல்ல வேளை, இப்பவே கூட்டிட்டு வந்தீங்க. மருந்து விட்டுட்டு, சொல்றப்பல்லாம் வந்து காட்டணும்." பிறகு ஞானதாஸ் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு இது ரொம்ப நாள் முன்னாடியே தெரிஞ்சிருக்கணுமே?"

வெளியே தாழ்வாரத்தில் நோயாளிகள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அன்பரசியின் கண்கள் மருந்தில் கூசின. கையை நெற்றிக்குக் குடை பிடித்துக்கொண்டு அப்பாவின் முகத்தைத் தேடினாள்.

"ஒனக்கு முன்னாடியே தெரியுமாப்பா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"ஒரு வருசமாச்சு."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "எனக்கும் போயிருந்தா இன்னாப்பா பண்ணியிருப்ப?" என்று மட்டும் கேட்டாள். நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஞானதாஸ் ஜெசிந்தாவைப் பார்த்தார். ஜெசிந்தாவுக்கு அவரைக் காப்பாற்றுகிற மாதிரி ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. மருந்து விட்ட கண்ணுக்கு எழுத்து எதுவும் தெரியவில்லை. யாரென்று பார்க்கச் சொல்லி மகளிடம் நீட்டினார், அவளுக்கும் தெரியவில்லை. ஜெசிந்தா வாங்கிப் பார்த்து, "ஹரிகிருஷ்ணன் சாரு" என்று சொல்லி, பட்டனை அமுக்கிக் கொடுத்தாள்.

"ஞானதாஸ், கடைக்காரர் லைன்ல இருக்கார். இரட்டைக்கண்ணுதானே? சொல்லிடட்டுமா?"

"வேணாம் சார். ஒத்தக்கண்ணு ஸ்கோப்பே வாங்கிடுங்க."

"என்னது? நேத்து அவ்வளவு புகழ்ந்தீங்களே!"

"நேத்து நான் பொய் சொன்னேன் சார்."

ஞானதாஸ் போனைக் காதோடு சேர்த்து அழுத்தினார்.

"எனக்கு வலது கண்ணு தெரியாது சார்" என்றார். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்திருப்பார், சத்தமாக வந்துவிட்டது. பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஒரு வருசமா தெரியாது. எல்லாரையும் ஏமாத்திகினு இருந்தேன். சங்கத்துல எல்லாருக்கும் சொல்லிடுங்க. இல்ல, வேணாம், நானே சொல்றேன். ஜனவரிக்கு வருவேன் சார். பீச்சாங்கைக் கண்ணு இருக்குது. எண்ணுவேன். தப்பா எண்ணினா சொல்லுங்க, வேற ஆள வைங்க."

ஹரிகிருஷ்ணன் என்னவோ சொல்ல ஆரம்பித்தார். ஞானதாஸால் அதற்கு மேல் கேட்க முடியவில்லை. போனை ஜெசிந்தாவின் கையில் திணித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்பரசி தடவித் தடவி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜெசிந்தா இரண்டு பேரையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மருந்து கொடுக்கிற வரிசைக்கு அழைத்துப் போனாள். வரிசையில் அவர் மகளைத் தனக்கு முன்னால் நிறுத்தினார்.

"மொதல்ல பொண்ணுக்குக் குடுங்க" என்று ஜன்னலுக்குள் தலையை நீட்டிச் சொன்னார். "எனக்கு அப்புறம் போதும்."